கோட்டுக்குக் கண் கிடையாது

ராஜகோபால் வீட்டில் இரண்டு பாடி இருக்கிறது, எதை எடுப்பது என்று தெரியாமல் மனிதர் தவிக்கிறார் என்ற செய்தி, காலையில் பால் பாக்கெட் வருவதற்குள் செம்பாக்கத்தில் அந்தத் தெரு முழுக்கப் பரவிவிட்டது.

செய்தியில் பிழை எதுவும் இல்லை. முந்தின நாள் மாலை மொட்டை மாடியில் நின்றுகொண்டு அவரேதான் போனில் சத்தமாகச் சொன்னார்: "ரெண்டு பாடியும் ஹால்லதான் சார் இருக்கு. இந்த மாசத்துக்குள்ள ஒண்ணை எடுத்தாகணும். அதுக்கு மேல வீட்ல வெச்சிருக்க முடியாது."

பக்கத்து மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த மோகன்ராஜ் இதைக் கேட்டார். அந்தத் தெருவே அவருடைய தாத்தாவின் நெல் வயலாக இருந்தது. மனைகளாகப் பிரித்து விற்றாயிற்று என்றாலும், தெருவின் நல்லது கெட்டது இன்னமும் தன் பொறுப்பு என்பது அவர் எண்ணம். விடிந்ததும் இரண்டு சாமந்தி மாலைகளோடு வந்து நின்றார்.

"இன்னா சார் இது, பக்கத்து வூட்ல கீறோம், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ரெண்டு பேரா? எப்படி சார் ஆச்சு?"

ராஜகோபால் அவரைக் கூட்டிக்கொண்டு போய் சோபாவைக் காட்டினார். மஞ்சள் துணியின் மேல் இரண்டு மிரர்லெஸ் கேமராக்கள் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தன.

"லென்ஸ் மாட்டாத வரைக்கும் அதுக்குப் பேர் பாடிதான் மோகன்ராஜ் சார்."

மோகன்ராஜ் கேமராக்களைப் பார்த்தார். பிறகு ராஜகோபாலைப் பார்த்தார். "உங்களோட பெரிய பேஜாரா கீது சார். இந்த மாலையைத் திரும்ப எங்க வூட்டுக்கு எடுத்துகினு போக முடியாது" என்று சொல்லி, ஆளுக்கொன்றாக இரண்டு கேமராக்களுக்கும் போட்டுவிட்டுப் போனார்.

ராஜகோபால் இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளை மேலாளர். வெள்ளத்தில் மூழ்கிய கார்களின் படங்களை இருபது வருடங்களாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு வருகிறவர். அதனால் தனக்குப் படம் பார்க்கத் தெரியும் என்று நம்பினார். அந்த நம்பிக்கையைப் போன வருடம் ஒரே ஒரு படம் கலைத்தது. அவர் மகள் தேவதர்ஷினி கல்லூரியில் இருநூறு மீட்டர் ஓடுகிறவள். ஓட்டத்தை ராஜகோபால் தன் பழைய கேமராவில் எடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால், மைதானத்து வேலியில் கட்டியிருந்த ஜவுளிக்கடை பேனர் கண்ணாடி போலத் தெரிந்தது. கடையின் போன் நம்பரைக்கூடப் படிக்க முடிந்தது. அதன் முன்னால் ஊதுபத்திப் புகை மாதிரி ஏதோ ஒன்று கடந்து போயிருந்தது. அதுதான் தர்ஷினி.

"பரவாயில்லப்பா, அடுத்த தடவை சும்மா வந்து உக்காந்து பாரு" என்றாள் அவள்.

இந்த வார்த்தையை ராஜகோபால் தன் கேமராவின் மேல் சொல்லப்பட்ட தீர்ப்பாக எடுத்துக்கொண்டார். ஓடுகிற ஆளின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கிற கேமராக்கள் வந்துவிட்டன என்று கேள்விப்பட்டு, தென்புறநகர் ஒளிப்படக் கழகத்தில் உறுப்பினராகச் சேர்ந்தார்.

கழகம் கேம்ப் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் ஞாயிறுதோறும் கூடும். தலைவர் சுப்பராயலு, ஓய்வு பெற்ற நெடுஞ்சாலைப் பொறியாளர். செயலாளர் எட்மண்ட், ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒருவர் போட்ட சாலையிலும் மற்றவர் விட்ட ரயிலிலும் ஊர் போய்ச் சேர்ந்ததா என்பது வேறு விஷயம். இரண்டு பேரும் எதையும் சோதிக்காமல் விட்டதில்லை.

கழகத்தில் ஒரே ஒரு விதி. ஆட்டோஃபோகஸ் ஆய்வுக் குழு சோதித்துச் சொல்லும் வரை எந்த உறுப்பினரும் கேமரா வாங்கக் கூடாது. குழுவோ இதுவரை எந்தக் கேமராவையும் வாங்கலாம் என்று சொன்னதில்லை.

முதல் கூட்டத்தில் ராஜகோபால் அப்பாவியாகக் கேட்டார். "சார், உறுப்பினர்கள் எடுத்த படங்களைப் பாக்கலாமா?"

யாரோ ஒருவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். சுப்பராயலு எழுந்தார்.

"ராஜகோபால் சார் புதுசு. அவர் மேல தப்பில்ல. படம் எடுக்கறது செல்போன் வெச்சிருக்கறவன் வேலை சார். நாம அதுக்கு முந்தின கட்டத்துல இருக்கோம். கழகம் ஆரம்பிச்ச நாள்லேருந்து இன்னிக்கு வரைக்கும், எங்க உறுப்பினர் ஒருத்தராவது அவசரப்பட்டு ஒரு நல்ல படம் எடுத்துட்டார்னு யாராவது விரல் நீட்டிச் சொல்லட்டும் பாக்கலாம்!"

கைதட்டல் எழுந்தது. ராஜகோபாலும் தட்டினார். ஏன் தட்டினோம் என்று பேருந்தில் வரும்போது யோசித்துப் பார்த்தார், விளங்கவில்லை. ஆனால் பெருமையாக இருந்தது.

படங்களே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. சுவரில் பெரிது பெரிதாக மாட்டியிருந்தார்கள். அளவுகோலின் படம், வரிசையாக நிறுத்திய பேட்டரிகளின் படம். ஆண்டுக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கியது எட்மண்ட் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரின் படம். நாலு மூலையிலும் செங்கல் ஒரே கூர்மை. "இந்தச் சுவருக்குப் பின்னாலதான் எங்க வீடு இருக்கு" என்று எட்மண்ட் எல்லோரிடமும் சொல்வார். வீட்டைப் படம் எடுத்ததில்லை. அதில் ஆழம் அதிகம், கணக்கு சிக்கலாகும்.

ராஜகோபாலின் விண்ணப்பத்தைக் குழு ஏற்றுக்கொண்டு, இரண்டு பாடிகளைக் கடையில் இரவல் வாங்கிச் சோதனைக்காக அவர் வீட்டுக்கு அனுப்பியது. மோகன்ராஜின் மாலை விழுந்தது அந்த வாரத்தில்தான்.

முதல் சோதனை வீட்டிலேயே நடந்தது. அவர் மனைவி சாமுண்டீஸ்வரி பள்ளியில் கணக்கு டீச்சர். சமையலறையிலிருந்து ஹாலுக்கு ஒரே சீரான வேகத்தில் நடந்து வரும்படி அவரைக் கேட்டுக்கொண்டார்கள். எட்மண்ட் ஸ்டாப்வாட்சோடு கதவருகே நின்றார். கேமராத் திரையில் பச்சைக் கட்டம் தோன்றியது, சாமுண்டீஸ்வரியின் முகத்தை ஒரு தடவை மோந்து பார்த்தது, பிறகு அவரைத் தாண்டிப் போய்ச் சுவரில் தொங்கிய முருகன் காலண்டரின் கண்ணில் உட்கார்ந்துகொண்டது. இரண்டாவது கேமராவும் அப்படியே செய்தது.

"மேடம், கொஞ்சம் கண்ணை நல்லா திறந்துகிட்டு வாங்க" என்றார் எட்மண்ட்.

"குக்கர்ல மூணு விசில் வந்தாச்சு. நான் திறந்துட்டுதான் இருக்கேன். நீங்கதான் மூடிக்கிட்டு இருக்கீங்க" என்று சொல்லிவிட்டு சாமுண்டீஸ்வரி உள்ளே போனார்.

சுப்பராயலு இதைத் தோல்வியாகப் பார்க்கவில்லை. "தெய்வத்துக்கு முன்னுரிமை கொடுக்குது. நம்ம நாட்டுக்குன்னே பண்ணியிருக்கான்" என்றார்.

இந்த முடிவை உறுதிப்படுத்தத்தான் அடுத்த வாரம் மூன்று பேரும் சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போனார்கள். அங்கே நரசிம்மருக்கு மூன்று கண். அர்ச்சகர் ஆரத்தி காட்டும்போது நெற்றித் திருமண்ணை விலக்கி மூன்றாவது கண்ணையும் காட்டுவார். மூன்று கண்ணில் கேமரா எதைப் பிடிக்கும் என்பது குழுவின் நெடுநாள் கேள்வி. வாசலில் காவலாளி தடுத்தார்.

"கேமராவை வெச்சுட்டு வாங்க சார். சேவிச்சுட்டு வரலாம்."

வெளியே வைத்தால் யார் பார்த்துக்கொள்வது என்று விவாதம் நடந்தது. ஒருவர் நிற்கலாம் என்றால், இரண்டு பாடிக்கு ஒருவர் போதுமா என்று எட்மண்ட் கேட்டார். கடைசியில் மூன்று பேருமே வெளியில் நின்றுவிட்டார்கள். பூக்கடையில் ஒரு சாமி படம் வாங்கி வேலியில் சாய்த்து வைத்துச் சோதித்தார்கள். ஒரு கேமரா வலது கண்ணைப் பிடித்தது, இன்னொன்று இடது கண்ணை. நெற்றிக்கண்ணை இரண்டுமே கண்டுகொள்ளவில்லை. வெளியே வந்த ஒரு பாட்டியம்மாள், "இன்னிக்குக் கண்ணு ரெண்டும் குளிர்ந்துபோச்சு, நல்ல தரிசனம்" என்றார். எட்மண்ட் அவரிடம், "எவ்வளவு தூரத்துலேருந்து பாத்தீங்க?" என்று விசாரித்தார்.

அசையும் பொருளுக்காகக் கோவளம் போனார்கள். படகுகள் கரையேறி, மணலில் தார்ப்பாய் விரித்து மீன் விற்றுக்கொண்டிருந்த நேரம். ஒரு மீன்காரம்மாளை நோக்கி ராஜகோபால் கேமராவைத் திருப்பியதும் பச்சைக் கட்டம் அவர் கண்ணுக்குப் போகவில்லை, அவர் கையிலிருந்த வஞ்சிரத்தின் கண்ணுக்குப் போனது. ராஜகோபால் குனிந்தார். இன்னும் குனிந்தார். எட்மண்ட் மறுபக்கம் மண்டியிட்டார். சுப்பராயலு குடையைப் பிடித்து நிழல் சரிசெய்தார்.

மீன்காரம்மாள் எத்தனை நேரம்தான் பொறுப்பார்? "இன்னா சார், மீனு வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?"

"அம்மா, இது அசையல. கொஞ்சம் ஆட்டிக் காட்ட முடியுமா?" என்று கேட்டார் சுப்பராயலு.

"துள்றது வேணும்னா கடலுக்குள்ள போ சார். இது செத்துப் போய் ரெண்டு மணி நேரமாச்சு. அதுக்குக் கீற புத்திகூட உனக்கு இல்ல, நகரு."

திரும்பும் வழியில் குழு மீன் முடிவை நிராகரித்தது. செத்த கண், கணக்கில் வராது. உயிருள்ள, வேகமாக ஓடுகிற, ஓட்டம் எந்த இடத்தில் முடியும் என்று முன்கூட்டியே தெரிந்த ஒரு கண் வேண்டும் என்று தீர்மானித்தார்கள். ராஜகோபாலின் நெஞ்சு பொங்கியது. தன்னிடமே அப்படி ஒரு கண் இருக்கிறதே!

அந்த வாரம்தான் தாம்பரத்தில் ஒரு கல்லூரி மைதானத்தில் மண்டல அளவிலான போட்டி. தர்ஷினிக்குக் கல்லூரியில் கடைசி வருடம். இருநூறு மீட்டரில் முதலாவதாக வருகிற ஒருத்திதான் மாநிலப் போட்டிக்குப் போவாள். அவளும் எதிரணிக் கல்லூரி ஜென்சியும் மூன்று வருடங்களாக மாறி மாறி ஜெயித்து வந்தவர்கள். ஒரே கடையில் ஷூ வாங்குகிற அளவுக்குச் சிநேகிதிகள்.

"அப்பா, நீயும் வருவேல்ல?" என்று கேட்டாள் தர்ஷினி.

"நான் மட்டுமா? கழகமே வருது" என்றார் ராஜகோபால்.

தர்ஷினியின் முகம் ஒரு மாதிரி ஆனது. வெயில் என்று நினைத்துக்கொண்டார்.

கழகம் இரண்டு காரில் வந்து இறங்கியது. ஆள் உயர லென்ஸ், முக்காலிகள், மடக்கு மேஜை, தலைவருக்கு நாற்காலி, குடை. போட்டியை நடத்திய உடற்கல்வி இயக்குநர் தேவானந்தம் இதையெல்லாம் பார்த்ததும் ஓடிவந்து சுப்பராயலுவின் கையைப் பிடித்துக்கொண்டார். முடிவுக் கோட்டில் யார் முதலில் என்று படம் பிடித்துக் காட்டுகிற மிஷின் காலையிலிருந்தே வேலை செய்யவில்லை. மாற்று ஏற்பாடாக மேலிடத்தில் ஆள் கேட்டிருந்தார்.

"போட்டோ ஃபினிஷ் நீங்கதானே சார்?"

"ஃபோகஸ் எங்க பொறுப்பு. நீங்க நிம்மதியா இருங்க" என்றார் சுப்பராயலு.

தேவானந்தம் நிம்மதியாகிவிட்டார். முடிவுக் கோட்டைத் தாண்டி, ஓடி வருகிறவர்களுக்கு நேர் எதிரே, மைதானத்திலேயே மிகச் சிறந்த இடத்தைக் கொடுத்தார். சாமுண்டீஸ்வரிக்கு இடம் கிடைத்தது பக்கவாட்டில், கோட்டுக்கு நேராக, சிமெண்ட் படிக்கட்டில். கையில் தண்ணீர் பாட்டிலைத் தவிர அவரிடம் ஒன்றுமில்லை.

விசில் ஒலித்தது. துப்பாக்கி வெடித்தது. வளைவில் எட்டுப் பெண்கள் திரும்பினார்கள்.

"கண்ணை விடாதீங்க!" என்று குடைக்கடியில் இருந்து கத்தினார் சுப்பராயலு.

ராஜகோபால் விடவில்லை. பச்சைக் கட்டம் மகளின் இடது கண்ணைக் கவ்விப் பிடித்தது. கட்டம் நடுங்கவில்லை, நழுவவில்லை, பேனருக்குப் போகவில்லை. அவர் விரல் ஷட்டரை அழுத்தியபடியே இருந்தது. எட்மண்டின் கேமரா ஜென்சியின் கண்ணைப் பிடித்திருந்தது. "லாக்! லாக்!" என்று இருவரும் மாறி மாறிக் கூவினார்கள். திடீரென்று யாரோ ஒருவரின் பனியன் குறுக்கே வந்து திரையை மறைத்தது. ஓட்டம் முடிந்துவிட்டது. ராஜகோபால் கேமராவிலிருந்து முகத்தை எடுத்தார். அவர் வாழ்க்கையிலேயே இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

"யார் சார் ஜெயிச்சது?" என்று பக்கத்தில் நின்ற ஒருவரைக் கேட்டார்.

அதுதான் யாருக்கும் தெரியவில்லை. ஒரு நடுவர் தர்ஷினி என்றார், இன்னொருவர் ஜென்சி என்றார். மூன்றாமவர் அந்த நேரத்தில் தும்மிவிட்டார். தேவானந்தம் மூச்சு வாங்க மடக்கு மேஜைக்கு ஓடிவந்தார்.

"சார், கடைசிப் படத்தைக் காட்டுங்க. நெஞ்சு கோட்டைத் தொடறதுதான் கணக்கு."

ராஜகோபால் காட்டினார். திரை முழுவதும் ஒரு கண். அடுத்ததைக் காட்டினார். அதே கண். எட்மண்ட் காட்டினார். வேறு கண்.

"அடேங்கப்பா, இமை முடி ஒவ்வொண்ணா எண்ணலாம் போலிருக்கே" என்றார் தேவானந்தம் தன்னை மறந்து. பிறகு நினைவு வந்தது. "கோடு எங்க சார்?"

"கோட்டுக்குக் கண் கிடையாதே சார்" என்றார் எட்மண்ட் பொறுமையாக. "இது கண்ணைத் தேடற கேமரா."

"நெஞ்சாவது இருக்கா?"

"நெஞ்சுக்கும் கிடையாது."

தேவானந்தம் அப்படியே மேஜையில் கையூன்றி நின்றார். சுற்றிக் கூட்டம் சேர்ந்தது. இரண்டு கல்லூரிப் பிள்ளைகளும் குரலை உயர்த்த ஆரம்பித்தார்கள். அப்போது சாமுண்டீஸ்வரி படிக்கட்டிலிருந்து இறங்கி வந்தார்.

"சார், நான் கோட்டுக்கு நேரா உக்காந்திருந்தேன். ஜென்சிதான் முதல்ல. அரை சாண்தான் இருக்கும். ஆனா ஜென்சிதான்."

"நீங்க யாரும்மா?"

"தேவதர்ஷினியோட அம்மா."

தேவானந்தம் அவரைப் பார்த்தார்; பிறகு புல்லில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த தர்ஷினியைப் பார்த்தார்.

"ஆமா சார். அம்மா சொல்றது கரெக்ட்" என்றாள் தர்ஷினி நிமிராமல்.

ஜென்சி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளில் முகத்தை வைத்து அழுதாள். ஜெயித்தவள் அழுதாள், தோற்றவள் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். இதை யாரும் படம் எடுக்கவில்லை. கழகத்தார் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்குப் போகும்போது காரில் ராஜகோபால் பொறுக்க முடியாமல் மனைவியைக் கேட்டார். "நீ வாயைத் திறக்காம இருந்திருக்கலாம் இல்ல? சேர்ந்து முதலிடம்னு ரெண்டு பேரையும் அனுப்பியிருப்பான்."

"ஒருத்திதான் போக முடியும்னு உங்களுக்குத் தெரியாதா? மறுபடி ஓடச் சொல்லியிருப்பான். ரெண்டு பேருக்கும் நிக்கவே தெம்பில்ல." சாமுண்டீஸ்வரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "சரி, என் கண்ணு தப்புன்னே வெச்சுக்கோங்க. நீங்க சொல்லுங்க. நீங்கதான் எல்லாரையும்விடப் பக்கத்துல இருந்தீங்க. நீங்க என்ன பாத்தீங்க?"

ராஜகோபாலுக்குப் பதில் இருந்தது. பச்சைக் கட்டம் என்ற அந்தப் பதிலை வாய்விட்டுச் சொல்லுகிற துணிவுதான் இல்லை. பின் சீட்டில் தர்ஷினி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கவில்லை.

அடுத்த ஞாயிறு கழகத்தில் திருவிழா. இரண்டு பாடிகளும் ஒரு கண்ணைக்கூடத் தவறவிடவில்லை என்று எட்மண்ட் அறிக்கை வாசித்தார். சுப்பராயலு நாற்காலியை விட்டு எழுந்தார்.

"அன்னிக்கு ஒரு பொண்ணு தோத்திருக்கலாம். விளையாட்டுன்னா அதெல்லாம் சகஜம். ஆனா ஃபோகஸ் தோக்கலை! ஊரே கோட்டைப் பாத்துக்கிட்டு இருந்தப்ப, கண்ணை விடாம நின்ன ஒரே அமைப்பு நம்ம கழகம்தான்!"

விளக்கை அணைத்தார்கள். ராஜகோபால் எடுத்த கடைசிப் படம் மண்டபத்துச் சுவரை நிறைத்தது. இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு கண். எட்மண்ட் ஒரு குச்சியால் இமை முடிகளைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். உறுப்பினர்கள் வியந்து உச்சுக்கொட்டினார்கள். ராஜகோபாலும் முதலில் இமையைத்தான் பார்த்தார். ஒரு வாரமாக அந்தப் படத்தை அவர் கூர்மைக்காக மட்டுமே பெரிதாக்கிப் பார்த்திருந்தார்.

இப்போது சுவரில் பார்த்தபோதுதான் கருவிழி நடுவில் இல்லை என்பது தெரிந்தது. அது ஒரு ஓரத்துக்கு ஒதுங்கி இருந்தது. தர்ஷினி கோட்டைப் பார்க்கவில்லை. பக்கத்துத் தடத்தைப் பார்க்கிறாள், கொஞ்சம் முன்னால். அங்கே ஓடியவள் ஜென்சி. எட்டிப் பிடிக்க முடியாது என்று தெரிந்துவிட்ட கண் அது. ஆனால் அதில் தண்ணீர் இல்லை. கண்ணின் கீழ் மடிப்பு சிரிக்கும்போது சுருங்குமே, அப்படிச் சுருங்கியிருந்தது. சின்ன வயதில் அவரோடு மாடிப்படியில் ஓட்டப்பந்தயம் வைத்துத் தோற்கும்போது அவள் இப்படித்தான் சிரிப்பாள். மூன்று வருடம் ஓடி, கடைசி ஓட்டத்தில் தோற்கப்போகிற அந்த நொடியில் அவர் மகள் தன் சிநேகிதியைப் பார்த்து லேசாகச் சிரித்திருக்கிறாள். அதற்கு நேர் எதிரே அவர் நின்றிருந்தார்.

"சார்" என்றார் ராஜகோபால். "சார், அவ பக்கத்துல பாக்கறா."

"எங்க பாத்தா என்ன சார்?" என்றார் இருட்டிலிருந்து சுப்பராயலு. "ஷார்ப்பா இருக்கா, இல்லையா?"

"இருக்கு சார்."

"அவ்வளவுதான்."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. இரண்டு பாடியும் சிறப்பானவை. ஆகவே இரண்டையும் வாங்க வேண்டாம். தீபாவளிக்குப் புது மாடல் வரப்போவதால் அதையும் சோதித்த பிறகு முடிவு செய்யலாம். மகளையே சோதனைக்குத் தந்த ராஜகோபால் ஆய்வுக் குழுவின் அமைப்பாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் வேண்டாம் என்று சொல்லத்தான் எழுந்தார். அதற்குள் கைதட்டிவிட்டார்கள். கைதட்டும்போது எதிர்த்துப் பேசுகிற பழக்கம் அவருக்கு இல்லை. கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்.

மாலையில் வீட்டுக்கு வந்தபோது தர்ஷினி வாசலில் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். ஜென்சிக்கு மாநிலப் போட்டி வரை கூட ஓடிப் பழக ஆள் வேண்டுமாம். அதற்காக இவளும் ஏரிக்கரையில் தினமும் ஓடுகிறாளாம்.

"நானும் வரேன்" என்றார் ராஜகோபால்.

"கேமராவோடயா?"

"சும்மாதான்."

தர்ஷினி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப செருப்பை மாத்திட்டு வாப்பா."

செம்பாக்கம் ஏரிக்கரையில் ஜென்சி காத்திருந்தாள். பெண்கள் இருவரும் மெதுவாகத் தொடங்கினார்கள். அந்த மெதுவிலேயே ராஜகோபால் முதல் வளைவில் இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டார். மூச்சு இரைத்தது. கையில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கரையோரமாக இரண்டு பெண்களும் ஓடிப் போனார்கள். ஒருத்தி ஏதோ சொல்ல மற்றவள் சிரித்தாள். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். தூரத்தில் இரண்டு பேரும் மங்கலாகத்தான் தெரிந்தார்கள். யார் முன்னால், யார் பின்னால் என்று புலப்படவில்லை.

மூக்குக்கண்ணாடி மாற்ற வேண்டும் என்று அவருக்கு உறைத்தது. உடனே போய் மாற்றிவிடலாம்தான். ஆனால் ஒரே கடையில் பார்த்து முடிவு செய்வது சரியா? இரண்டு கடையில் கண் சோதித்து, இரண்டு ஃபிரேமையும் ஒரு வாரம் வீட்டில் வைத்து, எட்மண்டை ஒரு வார்த்தை கேட்டு...

"அப்பா!" என்று அக்கரையிலிருந்து தர்ஷினி கத்தினாள். "அங்கயே நின்னுக்கிட்டு என்ன யோசனை? வாப்பா!"